ஐயா டிரங்குப் பெட்டில பேப்பருக்கு அனுப்புன பழைய போட்டோ 43 இருக்கு, மேல சிவப்புப் பென்சில் கோடு எதுக்கு?

கண்டனூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா சும்மா படிச்சுட்டுப் போற ஆளு நான், இப்பத்தான் மொத தடவை எழுதுறேன். காரைக்குடி பக்கம் கண்டனூர்ல இருக்குற எங்க பூர்வீக வீட்டைச் சுத்தம் பண்ணலாம்னு போன மாசம் பங்காளிக எல்லாரும் சேந்து போனோம் (ஏழு புள்ளி, அதாவது ஏழு குடும்பம், ஆளுக்கொரு சாவி, எல்லாரும் ஒரே நாள்ல வந்து சேரவே ரெண்டு வருஷம் ஆச்சு). இரண்டாங்கட்டுல எங்க அறைப் பரண்ல ஒரு தகர டிரங்குப் பெட்டி இருந்துச்சு. பழைய பாத்திரம்தான் இருக்கும்னு தொறந்தா உள்ள முழுக்க போட்டோவும் பேப்பர் கட்டிங்கும்.

எங்க ஐயா (அப்பச்சியோட, அதாவது எங்கப்பாவோட அப்பா) பர்மால ஒரு கடைல அடுத்தாளா, அதாவது உதவி ஆளா, இருந்தவர். 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப பாதி தூரம் நடந்தே ஊர் வந்து சேந்தவங்கள்ல அவரும் ஒருத்தர். அதுக்கப்புறம் திரும்பிப் போகல. காரைக்குடில ஒரு ஸ்டுடியோக்காரரோட சிநேகம் புடிச்சு, அவர்கிட்ட கேமரா கத்துக்கிட்டு, மதுரை மெட்ராஸ் பேப்பருக்கெல்லாம் செய்தியும் படமும் அனுப்பிக்கிட்டு இருந்தார்னு அப்பச்சி சொல்லுவாக. சம்பளம் கிடையாது, படம் அச்சுல வந்தா மட்டும் காசு. ஊர்ல எல்லாருக்கும் அவர் "நிருபர் செட்டியார்".

மொத்தம் 43 பிரின்ட். கட்டிங் ஒரு எழுபது இருக்கும், எல்லாம் பழைய கணக்கு நோட்டுல மைதாப் பசை போட்டு ஒட்டிருக்கு. எங்கயும் ஐயா பேர் இல்ல, "நமது நிருபர்" மட்டும்தான். தேதியும் இல்ல, கத்தரிக்கோல் போட்டப்ப போயிருச்சு. பாதி படம் மந்திரி வந்தது, கொடி ஏத்துனது, கும்பாபிஷேகம், சிக்ரி (காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடம்) திறப்பு விழாவுக்கு வந்த கூட்டம். மீதியில சந்தை, மாட்டு வண்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக.

என்னை மண்டை காய வைக்கிறது ஒரே ஒரு படம். ஊருணி (ஊருக்குக் குடிதண்ணிக் குளம்) படிக்கட்டுல பொம்பளைக பித்தளைக் குடம் செப்புக் குடம் வச்சுக்கிட்டு ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா நிக்கிறாங்க. மேல சிவப்புப் பென்சில்ல ஒரு கட்டம் போட்டிருக்கு, ஓரத்துல நீலப் பென்சில்ல "2 காலம்". அதே படம் கட்டிங்லயும் இருக்கு, ஆனா கட்டத்துக்குள்ள இருக்குற பாகம் மட்டும். கீழ "குடிநீர்ப் பஞ்சம்: தண்ணீருக்குக் காத்து நிற்கும் பெண்கள்"னு போட்டிருக்கு.

அந்தக் கோடு எதுக்கு, தேதி எப்படிக் கண்டுபுடிக்கிறது, அப்புறம் இதையெல்லாம் எப்படிப் பாதுகாக்குறது. தெரிஞ்சவங்க சொல்லுங்க. வீட்டுல எல்லாரும் லேமினேட் பண்ணிரலாம்ங்கறாங்க.

பிளாக்மேக்கர் மகன்:

தங்கச்சி, லேமினேட் மட்டும் பண்ணிராதீங்க. அந்தச் சிவப்புக் கோட்டையும் ரப்பர் போட்டு அழிச்சுறாதீங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

எங்கப்பா மதுரைல ஒரு சந்துக்குள்ள இருந்த பிளாக் பட்டறைல முப்பது வருஷம் வேலை பாத்தவர். இந்தத் தலைமுறைக்கு பிளாக்னா வாட்ஸப்ல பண்றதுதான் தெரியும், அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன், பொறுத்துக்கங்க. அப்ப எல்லாம் ஈய எழுத்துக் கோத்து அச்சடிக்கிற காலம். எழுத்தை அச்சுல ஏத்தலாம், போட்டோவை அப்படியே ஏத்த முடியாதுல்ல, மை ஒண்ணு ஒட்டும் இல்லன்னா ஒட்டாது, நடுவுல சாம்பல் நிறம்னு ஒண்ணு அச்சுக்குத் தெரியாது. அதனால போட்டோவைப் பெரிய கேமரா முன்னாடி மாட்டி, நடுவுல குறுக்கும் நெடுக்கும் கோடு போட்ட கண்ணாடி ஒண்ணை வச்சு மறுபடி படம் புடிப்பாங்க, அப்ப படம் முழுக்க புள்ளி புள்ளியா மாறிரும், இருட்டான இடத்துல பெரிய புள்ளி, வெளிச்சமான இடத்துல சின்னப் புள்ளி. அதை ஜிங்க் தகட்டுல ஏத்தி நைட்ரிக் ஆசிட்ல போட்டா புள்ளி நிக்கும், மத்த இடத்தை ஆசிட் தின்னுரும். தகட்டை மரக்கட்டைல அடிச்சு எழுத்து உசரத்துக்குக் கொண்டு வந்தா அதுதான் பிளாக். அப்பாவுக்கு வெரலும் நகமும் எப்பவும் மஞ்சளா இருக்கும், ஆசிட் பட்டுப் பட்டு, எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாது. பொண்ணு பாக்கப் போனப்ப மஞ்சக்காமாலைன்னு நினைச்சு ஒரு வீட்டுல வேண்டாம்னுட்டாங்களாம்.

இப்ப உங்க கோட்டுக்கு வர்றேன். பிளாக்குக்குக் கூலி சதுர அங்குலக் கணக்கு. அதனால பேப்பர் ஆபீஸ்ல உக்காந்திருக்கவர் மொத வேலையா சிவப்புப் பென்சிலை எடுத்து எது வேணுமோ அதை மட்டும் கட்டம் கட்டிருவார். வானம் வேண்டாம், தரை வேண்டாம், ஓரத்துல வேடிக்கை பாக்குற பய வேண்டாம், எல்லாம் காசு. "2 காலம்"னா பேப்பர்ல ரெண்டு பத்தி அகலத்துக்குச் சுருக்கணும்னு எங்கப்பா மாதிரி ஆளுக்கு உத்தரவு. சில பிரின்ட்ல முகத்தைச் சுத்தி பிரஷ்ஷால வெள்ளைப் பெயின்ட் அடிச்சிருப்பாங்க, அச்சுல முகம் எடுப்பாத் தெரியணும்னு, அதையும் துடைச்சுறாதீங்க.

ஒண்ணு கவனிங்க. பேப்பருக்கு அடிக்கிற பிளாக்ல அங்குலத்துக்கு 60, 65 கோடுதான். மட்டமான நியூஸ்பிரிண்ட்ல அதுக்கு மேல போனா மை அப்பிக்கும். அதனால கட்டிங்கை எத்தனை தடவை பெருசாக்கினாலும் புள்ளிதான் பெருசாகும், ஸ்கேன் பண்ணா அலை அலையா வேற வரும். உங்க கையில இருக்குற பிரின்ட் அப்படி இல்ல, பெருசாக்க பெருசாக்க உள்ள ஆள் இருப்பாங்க. ஆயிரத்துல ஒருத்தர்கிட்டதான் பிரின்ட் மிச்சம் இருக்கும், முக்காவாசி ஆபீஸ்லயே தங்கிரும், நான் பாத்த ஒரு இடத்துல இடம் பத்தலன்னு மூட்டை மூட்டையா எடைக்குப் போட்டாங்க. உங்க ஐயா ரெண்டு பிரின்ட் போட்டு ஒண்ணை வச்சுக்கிட்டார் போல, இல்ல திருப்பி வாங்கிருக்கார். கெட்டிக்காரர்.

சரி, அந்த ஊருணிப் படத்துல கோட்டுக்கு வெளிய என்ன இருக்குன்னு பாத்தீங்களா?

கண்டனூர்க்காரி:

அண்ணே ரொம்ப நன்றி, லேமினேஷனுக்குப் போக இருந்த கவரைப் புடுங்கி வச்சுட்டேன். கோட்டுக்கு வெளியன்னா... மேல ஒரு ஆலமரக் கிளை, இடது ஓரத்துல ஒரு சின்னப் பையன் அரைஞாண் மட்டும் கட்டிக்கிட்டு வெரலைச் சூப்பிக்கிட்டு நிக்கிறான். கீழ வலது மூலைல பளபளன்னு ஏதோ. கண்ணாடி வச்சுப் பாத்தேன். தண்ணி மாதிரி இருக்கு. ஆனா பஞ்சம்னுல்ல போட்டிருக்காங்க?

பழம்பொருள்:

மேடம் மொத்தமா குடுக்குறதா இருந்தா இன்பாக்ஸ் வாங்க. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடை ரேட்டை விடக் கூடவே தர்றோம். பெட்டியோட இருந்தா இன்னும் நல்லது.

ரஸ்தா ராஜா:

ஆச்சி அந்தாளுக்கு இன்பாக்ஸ் போகாதீங்க, பெட்டிக்குத்தான் ஆசைப்படுறாரு, போட்டோவைத் தூக்கிப் போட்டுட்டு டிரங்க்ல பூந்தொட்டி வச்சு ஏதாவது ஹோட்டலுக்கு வித்துருவாரு. முனீஸ்வரன் கோயில் தெருவுல போய்ப் பாருங்க, ரங்கூன் ஸ்டுடியோல எடுத்த அடுத்தவங்க தாத்தா பாட்டி படமெல்லாம் ஃபிரேமோட தொங்கும். வாங்குறவனுக்கு ஃபிரேம்தான் வேணும், படத்துல இருக்குறது யாருன்னு ஒருத்தனுக்கும் தெரியாது, பாக்கவே ஒரு மாதிரி இருக்கும்.

தேதிக்கு வர்றேன், இது எனக்குப் புடிச்ச விளையாட்டு. ஒரே ஆதாரத்தை நம்பாதீங்க, படத்துல மூலை மூலையா தேடணும். கடைப் பலகைல அணா போட்டிருந்தா 1957 ஏப்ரலுக்கு முன்னாடின்னு ஒரு கணக்கு உண்டு, அன்னைலருந்துதான் நயா பைசா வந்தது, ஆனா நம்ம ஊர்ல அதுக்கப்புறமும் பல வருஷம் பலகையை மாத்தாம வச்சிருந்தாங்க, அதனால நயா பைசா எழுதிருந்தா 57க்கு அப்புறம்னு உறுதி, அணா எழுதிருந்தா உறுதி இல்ல. சுவத்துல சினிமா போஸ்டரும் இப்படித்தான், பராசக்தி போஸ்டர் தெரிஞ்சா 1952 தீபாவளிக்கு முன்னாடி இருக்க முடியாது, ஆனா டூரிங் கொட்டாய்க்கு நாலு வருஷம் கழிச்சும் வரும். பஸ்ஸுக்குப் பின்னாடி பெரிய டிரம் மாதிரி ஒண்ணு மாட்டிருந்தா அது கரி கேஸ் வண்டி, யுத்தத்துல பெட்ரோல் கெடைக்காம கரியைப் புகைய விட்டு ஓட்டுனது, அப்ப நாப்பதுகள். கடை வாசல்ல நெல்லுக்கோ அரிசிக்கோ அட்டை வச்சுக்கிட்டு நின்னா ரேஷன் காலம், ராஜாஜி 1952ல கட்டுப்பாட்டை எடுத்தார். அம்பாசிடர் கார் நின்னா 57, 58க்கு இந்தப் பக்கம். உங்க ஊர் ஸ்டேஷன் படம் ஏதும் இருந்தா அது 1952க்கு அப்புறம், அறந்தாங்கி லைன் அப்பத்தான் காரைக்குடியோட சேந்துச்சு.

அப்புறம் கட்டிங்குக்கு ஒரு சுருக்கு வழி இருக்கு, யாரும் யோசிக்க மாட்டாங்க. பின்பக்கம் பாருங்க! படத்தைத்தான் வெட்டுனார், பின்னாடி இருந்த செய்தி தானா வெட்டுப்பட்டு வந்திருக்கும்ல. மைதாப் பசைன்னா ஓரத்துல லேசாத் தூக்கிருக்கும், டார்ச் அடிச்சுப் பாருங்க, பிய்க்காதீங்க.

எங்க தேவகோட்டை ரஸ்தாவுல ஏவிஎம் ஸ்டுடியோ இருந்தப்ப எடுத்த படம் ஏதாவது இருக்கா? யுத்தத்தப்ப மெட்ராஸை விட்டு இங்க வந்து கீத்துக் கொட்டகை போட்டாங்க, நாம் இருவர் 1947ல இங்க எடுத்ததுதான். எங்க பெரியப்பா கேட்டுல ஒரு நாள் நின்னதை அறுபது வருஷம் சொல்லிக்கிட்டு இருந்தார். படப்பிடிப்புப் படம் வேண்டாம், கேட்டுக்கு வெளிய நின்ன கூட்டத்தைப் படம் எடுத்திருந்தா சொல்லுங்க, அதுல பெரியப்பா இருப்பார்.

மைக்ரோஃபிலிம்:

உங்க படம் எந்தப் பேப்பர்ல என்னைக்கு வந்ததுன்னு தேடணும்னா சில இடம் சொல்றேன். நான் இந்த வேலையாவே பதினஞ்சு வருஷமா அலையுற ஆளு.

நம்ம பக்கத்துலருந்து போனதுதான் மொதல்ல. கோட்டையூர் ரோஜா முத்தையா வீட்டுல சேத்து வச்சிருந்த புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவர் 1992ல இறந்தப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, ஆனா நாட்டை விட்டு வெளிய கொண்டு போகாம சென்னைல நூலகமா வச்சாங்க, இப்ப தரமணில இருக்கு. விளம்பரப் பலகை எழுதிக்கிட்டு இருந்த ஒரு மனுஷன் தனியா சேத்தது அவ்வளவும். புதுக்கோட்டைல ஞானாலயா இருக்கு, அதுவும் வீட்டு நூலகமா வளந்ததுதான். தினசரிக்கு சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போங்க, 1954 சட்டப்படி நாட்டுல அச்சாகுற புத்தகம் ஒவ்வொண்ணுலயும் ஒரு பிரதி அங்க வரணும், ரெண்டு வருஷத்துல பத்திரிகையையும் அந்தச் சட்டத்துல சேத்தாங்க. அதுக்கு முன்னாடி உள்ள பேப்பர் பல இடத்துல சிதறிக் கிடக்கு, பொறுமை வேணும்.

தேடுறப்ப ஒரு விஷயம். சிவகங்கை மாவட்டம்னு தேடினா ஒண்ணும் கெடைக்காது, அது 1985ல வந்தது. அப்ப நாம "ராமநாதபுரம் ஜில்லா". கோனாபட்டு, ராயவரம், பொன்னமராவதி பக்கம்னா 1948 மார்ச்சுக்கு முன்னாடி "புதுக்கோட்டை சமஸ்தானம்", பேப்பர்ல அது கிட்டத்தட்ட வெளிநாட்டுச் செய்தி மாதிரி தனியா இருக்கும்.

செட்டிநாட்டுக்காரங்களுக்குன்னு ஒரு குறுக்கு வழி, சிங்கப்பூர். அங்க தேசிய நூலகம் பழைய பேப்பரையெல்லாம் நெட்ல போட்டிருக்கு, 1935ல ஆரம்பிச்ச தமிழ் முரசும் அதுல உண்டு. நம்ம ஊர்க் கல்யாணம், சாவு, கோயில் நன்கொடை எல்லாம் மெட்ராஸ் பேப்பருக்குச் செய்தியே இல்ல, ஆனா அங்க இருக்குற கடைக்காரங்களுக்குச் செய்தி. பினாங்குல உக்காந்திருக்கவருக்கு தேவகோட்டைல மழை பெஞ்சுதான்னு தெரியணும்ல. பழைய இதழ்ல நிறைய வீட்டுல இருந்தே பாக்கலாம்.

பிரின்டை என்ன பண்றதுன்னா: ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணுங்க, பின்பக்கம் காலியா இருந்தாலும் பண்ணுங்க. 600 டிபிஐல (அங்குலத்துக்கு 600 புள்ளி) வைங்க, சின்ன சைஸ்னா 1200. கட்டிங்கும் போட்டோவும் ஒட்டிக்கிட்டு இருக்கவே கூடாது, நியூஸ்பிரிண்ட்ல இருக்குற அமிலம் படத்தைப் பழுப்பாக்கிரும், உங்க படத்துல எங்கயாவது சதுரமா பழுப்பு இருந்தா அது அதான். பின்னாடி நம்பர் போடணும்னா மென்மையான பென்சில், பால்பாயிண்ட் வேண்டாம், மறுபக்கம் தடம் விழும். நெகட்டிவ் ஏதாவது இருந்து வினிகர் வாசனை அடிச்சா அதைத் தனியா எடுத்துருங்க, அது பக்கத்துல இருக்குறதையும் கெடுக்கும். பாண்டிச்சேரி ஃபிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் லைப்ரரி உதவியோட தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களை எல்லாம் ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்க, காரைக்குடி ஸ்டுடியோ விஷயம் பேசணும்னா அவங்களுக்கு எழுதலாம்.

கொத்தனார் பேரன்:

நல்ல தகவல் எல்லாரும் போடுறீங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. செட்டிநாடுன்னு எந்தப் பழைய படத்தைப் போட்டாலும் முகப்பு, பர்மாத் தேக்குத் தூண், கல்யாணத்துல பரப்பி வச்ச சாமான், இவ்வளவுதான். எங்க தாத்தா அந்த வீட்டுக்கெல்லாம் முட்டை வெள்ளைக்கரு சுண்ணாம்பு அரைச்சு சுவத்துல கண்ணாடி மாதிரி பூசுன ஆளு, ஒரு சுவத்துக்கு எத்தனை நாள் தேய்க்கணும்னு கதை கதையா சொல்லுவாரு. அவருக்கு ஒரே ஒரு போட்டோ கூடக் கிடையாது. எங்க அப்பத்தாவுக்கும் இல்ல. அதனால ஆச்சி, உங்க 43ல மந்திரிக்குப் பின்னாடி கூடை தூக்கிட்டு நிக்கிறவங்க, பந்தல்கால் நடுறவங்க, இவங்களைப் பெருசாக்கிப் போடுங்க. யாராவது ஒருத்தர் அது எங்க ஆத்தான்னு சொல்லுவாங்க.

அப்புறம் ஊருணிப் படம்னா யாரு இருக்காங்கன்னு பாக்குறப்ப யாரு இல்லைன்னும் பாருங்க. அந்தப் படிக்கட்டுல அன்னைக்கு எல்லாரும் இறங்கிர முடியாது.

பிளாக்மேக்கர் மகன்:

கொத்தனார் பேரன் சொன்னது சரி. பேப்பர்க்காரன் சாதாரண சனங்க பொழப்பைப் படம் எடுக்கணும்னு யாரையும் அனுப்பினது கிடையாது. யுத்தத்துல நியூஸ்பிரிண்ட் தட்டுப்பாடு, பக்கத்தையே குறைச்சுட்டாங்க, அதுல சந்தைல கத்திரிக்கா விக்கிறவளுக்கு எவன் பிளாக் போடுவான். மந்திரி வந்தாத்தான் படம். மந்திரி பின்னாடி தற்செயலா கத்திரிக்கா விக்கிறவ மாட்டிக்கிட்டா, அவளையும் சிவப்புப் பென்சில் வெட்டிரும். இப்ப நமக்கு மந்திரி வேண்டாம், அவதான் வேணும். அதுக்குத்தான் கோட்டுக்கு வெளிய பாருங்கன்னு சொன்னது.

தண்ணி விஷயம் என்னாச்சு?

கண்டனூர்க்காரி:

ரெண்டு வாரம் வர முடியல, மன்னிச்சுக்கோங்க. நிறைய நடந்துருச்சு, நீளமா எழுதப் போறேன்.

ரஸ்தா ராஜா அண்ணே சொன்ன மாதிரி கட்டிங் பின்பக்கம் டார்ச் அடிச்சுப் பாத்தேன். ஒரு ஓரம் தூக்கிருந்துச்சு. தலைகீழா பாதி பாதியா வரி, "...சிங் ஏறிய சிகர..."னு ஒண்ணு, அதுக்குப் பக்கத்துப் பத்தில "முடிசூட்டு"ன்னு ஒண்ணு. எங்க வீட்டுக்காரர்தான் சட்டுன்னு சொன்னாரு, டென்சிங் எவரெஸ்ட் ஏறுன சேதியும் எலிசபெத் ராணி முடிசூட்டுன சேதியும் ஒரே நேரத்துல வந்துச்சு, 1953 ஜூன் ஆரம்பம். வைகாசி மாசம். சரி, கோடை, பஞ்சம், எல்லாம் பொருந்துதுன்னு நினைச்சேன்.

அப்புறம் பிரின்டை 1200ல ஸ்கேன் பண்ணி லேப்டாப்ல போட்டு, ஊருக்குக் கொண்டு போனேன். அடுத்த வீட்டு ஆச்சிக்கு வயசு 87. கண்ணுல ஆபரேஷன் பண்ணிருக்காக, ஆனா காது கூர்மை, நாக்கு அதை விடக் கூர்மை. வளவுல (வீட்டு நடு முற்றத்துப் பக்கம்) உக்கார வச்சு மொதல்ல மந்திரி படமாக் காட்டினேன், "இவன் யாரோ, போ"ன்னுட்டாக. சிக்ரி கூட்டத்துல ஒரு குடையைப் பாத்துட்டு இது இன்னார் வீட்டுக் குடை, கைப்புடி ஒடஞ்சு சணல் சுத்திருக்கும் பாருன்னாக, பெருசாக்கினா நெசமாவே ஏதோ சுத்திருக்கு!

ஊருணிப் படம் வந்ததும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் என் கையைப் புடிச்சு திரையில வச்சு "படியை எண்ணு"ன்னாக. செம்பூராங்கல் படி, தண்ணிக்கு மேல மூணுதான் தெரியுது. "இந்தத் துறைக்குப் பதினொரு படி. சித்திரை வைகாசில ஒம்பது பத்து தெரியும், ஒரு வருஷம் பதினொண்ணும் தெரிஞ்சு கீழ சேத்துல ஊத்துத் தோண்டி மோந்தோம். மூணு படி தெரிஞ்சா அது கார்த்திகை மார்கழி ஆத்தா, மழை பேஞ்சு அடங்கின காலம். இதைப் போய் யாரு பஞ்சம்னது?"

அப்ப ஏன் வரிசையா நிக்கிறாங்க ஆச்சின்னேன். சிரிச்சாக. "வரிசை எங்க நின்னோம்? துறை ஓராள் அகலந்தான். ஒருத்தி மோந்துட்டு ஏறுனாத்தான் அடுத்தவ இறங்க முடியும். காத்தால எப்பப் போனாலும் அப்படித்தான் நிப்போம். அங்கதான் ஊர்க்கதை பூரா பேசுறது." கால் கழுவக் கூடாது, துணி அலசக் கூடாது, குடத்தை உள்ள முக்குறதுக்கு முன்னாடி வெளியவே கழுவிக்கணும், இதெல்லாம் சொன்னாக. கொத்தனார் பேரன் அண்ணே, நீங்க சொன்னதையும் கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "அவுகளுக்கு இந்தத் துறை கெடையாது, தெக்க ஒரு குட்டை இருந்துச்சு, அது சீக்கிரம் வத்திரும்"னாக. வேற ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல.

எனக்கு அப்பவும் சந்தேகம், எழுபது வருஷத்து ஞாபகத்தை வச்சு எப்படி. ஐயாவோட சிட்டையைத் தேடினேன், எங்க ஆளுங்க காலணாவையும் கணக்கு எழுதாம விட மாட்டாங்கல்ல. நந்தன வருஷம் மார்கழில ஒரு வரி: "ஊரணி படம் 1, மீனாட்சி கோயில் 2, தபால் லேட் பீ உள்பட" அப்படின்னு போட்டுக் காசு எழுதிருக்காக. அடுத்த நோட்டுல விஜய வருஷம் வைகாசி கடைசில "ஊரணி படம் பேப்பரில் வந்தது, வரவு 5". அதுக்குக் கீழ வேற மசில பொடி எழுத்துல ஒரு வார்த்தை, "பஞ்சமாம்!" ஐயா ஆச்சரியக்குறி போட்டு நான் பாத்ததே இல்ல.

ஆக படம் எடுத்தது 1952 கடைசி இல்லன்னா 53 ஜனவரி, வந்தது ஜூன். ஆபீஸ்ல ஆறு மாசம் ஃபைல்ல கிடந்த படத்தை எடுத்து, தண்ணி தெரியாம சிவப்புக் கட்டம் போட்டு, பஞ்சம்னு போட்டுட்டாங்க. எந்தப் பேப்பர்னு எழுதல, எழுதவும் விருப்பமில்ல.

மைக்ரோஃபிலிம்:

அபாரம். நந்தன மார்கழின்னா இன்னொண்ணும் சேருது. 1952 நவம்பர் 30ல ஒரு பெரும்புயல் நாகப்பட்டினம் பக்கம் கரை ஏறி தஞ்சாவூர் ஜில்லாவைப் புரட்டிப் போட்டுச்சு. கஜா வந்தப்ப பெரியவங்க எல்லாம் 52 புயலைத்தான் சொன்னாங்க. உங்க ஆச்சிகிட்ட அதைக் கேட்டுப் பாருங்க, ஊருணி அந்த மழைல நிறைஞ்சதா இருக்கலாம்.

ரஸ்தா ராஜா:

ஐயா அஞ்சு ரூபா வாங்கிக்கிட்டு "பஞ்சமாம்"னு எழுதிட்டு சும்மா இருந்துட்டாரே ஆச்சி, ஆபீஸுக்கு ஒரு கார்டு போட்டுக் கேக்கல?

கண்டனூர்க்காரி:

அண்ணே அதையும் தேடினேன், கார்டு எதுவும் இல்ல. அப்பச்சிகிட்ட கேட்டா, அந்தக் கோடைல பஞ்சம் இருந்தது நெசந்தான், படந்தான் அதோடது இல்லைங்கறாக. படம் வந்த கொஞ்ச நாள்ல பஞ்சாயத்துல இருந்து ஆள் வந்து தூர் எடுத்தாகளாம், ஐயா அதனால வாயைத் தொறக்கலயோ என்னமோ. அஞ்சு ரூபா வேற.

கொத்தனார் பேரன்:

தெக்க இருந்த குட்டைக்குத் தூர் எடுத்தாகளா?

கண்டனூர்க்காரி:

அதைக் கேக்கல அண்ணே. அடுத்த தடவை போறப்ப கேக்குறேன். அந்தப் பக்கத்து வயசானவங்க யார்கிட்டயாவது 43 படத்தையும் காட்டணும்னு இருக்கேன், உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க, நீங்களும் கூட வந்தா நல்லாருக்கும்.

புயலைப் பத்தி ஆச்சிகிட்ட போன்ல கேட்டேன். "வீட்டு ஓடு பறந்துச்சு, வேற என்ன கேக்குற"ன்னுட்டாக. அவுகளுக்கு வேற கவலை. வரிசைல மூணாவதா நிக்கிறது அவுக தோழியாம், குடத்தை இடது இடுப்புல வச்சிருக்குறதை வச்சுக் கண்டுபுடிச்சாக, ஊர்லயே அவ ஒருத்திதான் இடக்கையாம். கல்யாணமாகி மலேயாவுல ஈப்போ போனவ, அதுக்கப்புறம் பாக்கவே இல்லையாம். அந்தப் படத்தைப் பெருசாப் போட்டுக் குடுக்கச் சொல்றாக, பஞ்சம்னு எழுதாம. பழைய பிரின்ட் மாதிரியே வரணும்னா மேட் பேப்பர்ல போடணுமா கிளாஸிலயா?

பிளாக்மேக்கர் மகன்:

மேட்ல போடுங்க தங்கச்சி, கிளாஸில வளவு வெளிச்சம் பட்டா ஆச்சிக்குக் கண்ணு கூசும். முழுப் படத்தையும் போடுங்க. வெரல் சூப்புற பயலையும் சேத்து.